ஏழுவிலா இரும்பு கொணர்ந்த படலம்

வாழி ஆர்செனி குஸ்மிச்! வடபுலக் குளிர்நாட்டு வலக்தா நகரின் இசைப்பள்ளியில் அக்கார்டியனை விரித்தும் மடக்கியும் மூன்று தலைமுறைச் செவிகளைப் பதம் பார்த்த பெருந்தகையே, மின்தூக்கி அறியாத ஐந்தடுக்கு மாளிகையில் நான்காம் மாடி ஆளும் கோவே, அக்டோபர்க் குளிரில் தக்காளியாய்ச் சிவந்த மூக்கினனே, உன் வெற்றியைப் பாடப் புகுந்தோம்!

போர் மூண்ட காரணம் கேண்மின். சென்ற ஆண்டு ஒரு கடைக்காரனின் தேன்மொழியில் மயங்கிய நம் வீரன், தன் சன்னலின் கீழ் நகரக் கொதிகலன் நிலையம் குளிர்காலமெல்லாம் அனுப்பும் கொதிநீரை நெடுங்காலம் சுமந்து குடிகாத்த வார்ப்பிரும்பு ரேடியேட்டரைக் கழற்றிக் காயலான் கடைக்குத் தள்ளிவிட்டு, அந்த அரியணையில் வெள்ளை வெளேரென்ற அலுமினியப் பதர் ஒன்றை ஏற்றினான். பதரோ வெதுவெதுப்புக்கு மேல் ஈயாக் கருமி. சனவரி முழுதும் அவன் இல்லக்கிழத்தி லிதியா உரோமத் தொப்பியோடு உறங்கினாள். கோடையிலேயே மாற்றியிருக்கலாம்தான். ஆனால் அந்நாட்டார் அனைவரின் கோடையையும் போலவே அவர்கள் கோடையும் ஊர்ப்புறத் தோட்டத்து உருளைக்கிழங்குக்கு நேர்ந்துவிடப்பட்டிருந்தது. கிழங்கு மூட்டையோடு வீடு திரும்பிய அன்றே உறைபனி விழுந்தது. லிதியா வீரனைச் செல்லப்பெயரால் விளித்துச் சபதம் உரைத்தாள்.

"இதப் பாரு சேன்யா, பழைய மாதிரி இரும்பு வந்தாத்தான் நான் இங்க இருப்பேன். இல்லன்னா வெயிலடிக்கிற சோச்சில அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். நீ உன் அலுமினியத்தோட குடும்பம் நடத்து!"

அவள் சொன்னால் செய்பவள். அவள் இல்லாத வீடு எந்த ரேடியேட்டருக்கும் அடங்காமல் குளிரும் என்று வீரன் அறிவான்.

சனிக்கிழமை காலை, ஊரெல்லைப் பழம்பொருள் சந்தையில், துருப்பிடித்த குளியல் தொட்டிகளுக்கும் கால் ஒடிந்த கட்டில்களுக்கும் நடுவே, பூவேலைப்பாடு பொலிய, ஏழு விலா எழும்பி, அக்கார்டியன் ஒன்று இரும்பாய் உறைந்ததுபோல் நின்றது அந்த ஒற்றை ரேடியேட்டர். வீரன் கண்டான், காதலுற்றான், ஒருமுனை பற்றினான். அந்தோ, மறுமுனையை வேறொரு கை பற்றியிருந்தது! அவன் மாளிகையின் இரண்டாம் மாடிப் பேரரசி, குடியிருப்போர் குழுத் தலைவி, முழங்கையால் வரிசைகளைப் பிளந்து முன்னேறும் ராயிசா பாவ்லொவ்னாவின் கை அது.

"விடுங்க, நான்தான் முதல்ல கை வச்சேன்."

"கை வச்சா ஆச்சா? நான் காலே வச்சிருக்கேன், ராயிசா பாவ்லொவ்னா!"

உண்மைதான், அவன் கால் இரும்பின் அடியில் மாட்டியிருந்தது. அவள் கிழக்கே இழுக்க, அவன் மேற்கே இழுக்க, அவள் பையிலிருந்த முட்டைக்கோசுகள் வெட்டுண்ட தலைகளாய்ச் சந்தைவெளி எங்கும் உருள, கழுதைபோல் அசையாது நின்ற இரும்பின்மேல் வீரன் கடைசி அஸ்திரமாக ஏறி அமர்ந்தான். மறுமுனையில் அவளும் அமர்ந்தாள்.

"உக்காந்து பேசறதுக்கு இது சோபா இல்லைங்க," என்றான் வியாபாரி.

அவ்வேளை பேரரசியின் கைப்பேசி ஒலித்தது. "யாரு, கொதிகலன் நிலையமா? சொல்லுங்க... ஓ, இன்னிக்கே விட்டாச்சா? ரொம்ப நல்லது," என்றவளின் முகத்தில் மெல்ல ஒரு புன்னகை அரும்பிற்று. எழுந்தாள்; பாவாடையைத் தட்டிக்கொண்டாள். "எடுத்துக்கோங்க ஆர்செனி குஸ்மிச். உங்களுக்குத்தான் ரொம்ப அவசரம்," என்று முட்டைக்கோசுகளைப் பொறுக்கச் சென்றாள்.

பகை புறமுதுகிட்டது! வீரன், வியாபாரி கேட்ட விலையைக் கொடுத்தான். வளர்ந்துவிட்ட மகனின் பழைய தள்ளுவண்டியில் இரும்பை ஏற்றிச் சேறும் பனியும் கிழித்து வந்தான். மாடிப்படிகளில் அதைத் தழுவியும் திட்டியும் புரட்டியும் ஏற்றினான். முதுகெலும்பு முறுக்கிக்கொண்டது, பொத்தான்கள் தெறித்தன. படிக்கட்டுச் சுவரோரக் குழாய்களெல்லாம் கொளகொளவென்று முழங்கின. தன் வெற்றிக்கு அறைந்த முரசென்றே அவன் கொண்டான்.

கதவு திறந்தது. வாசலை அடைத்து நின்ற ஏழுவிலா இரும்பின் பூவேலைப்பாட்டை லிதியா விரலால் வருடிப் பார்த்தாள்.

"அழகாத்தான் இருக்கு, சேன்யா. ஆனா காலையிலேயே சுடுதண்ணி விட்டுட்டாங்களே. குழாய்ச் சத்தம் உனக்குக் கேக்கலியா?"

கொதிநீர் ஒருமுறை மாளிகையின் நாளங்களில் ஏறிவிட்டால், அதை வடித்து ஒரு திருகைக் கழற்ற மே மாதம்வரை நகரம் எவரையும் விடாது. அதை அந்நாட்டில் பால்குடி மாறாத குழந்தையும் அறியும். ஏழுவிலா வேந்தன் செருப்பு வைக்கும் மூலையில் சில்லிட்டு நின்றான். சன்னலடியில் அலுமினியப் பதர் வெதுவெதுவென ஆண்டது. நம் வீரனோ குனிந்த நிலையிலேயே, நிமிர வழியின்றி, இல்லக்கிழத்தியின் திருமுகத்தை அண்ணாந்து நோக்கினான்.

லிதியா அவன் முதுகுக்குத் தைலம் தேய்த்துவிட்டு, சாயங்கால ரயிலில் அக்கா வீட்டுக்குப் போனாள்.