அம்மா கேட்ட இரண்டு கேள்விகள்

பாதுகாப்பு விஷயத்தில் நான் ஒரு பெரிய தொல்லை. நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்; இல்லாவிட்டால் அம்மா இதைவிட மோசமாகச் சொல்லுவாள்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. எழுதிய தேர்வில் தேறியிருந்தேன்; ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் அலுவலகத்துக்குச் சான்றிதழ் சரிபார்க்க அழைத்திருந்தார்கள். பகல் ஒரு மணிக்குள் சரிபார்த்துவிட்டால் வேலை. தவறினால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

நான் ஒரு காகிதம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. ஆதார், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று எல்லாம் செல்போனில், அதற்கான ஆப்புக்குள். (அதைக் காட்டினாலே போதும் என்று அழைப்புக் கடிதத்தில் இருந்தது. அந்த ஒரு வரியை நான் ஏழு தடவை படித்திருந்தேன்.)

ராஜபாளையத்தில் பஸ் ஏறினால் பக்கத்து சீட்டில் சேத்தூர் அக்கா ஒருவர். அவரும் அதே சரிபார்ப்புக்குத்தான் வந்துகொண்டிருந்தார். மடியில் ஜவுளிக்கடைப் பை, அதற்குள் தலையணை கனத்துக்கு ஒரு ஃபைல்.

"இதெல்லாம் தொலைஞ்சா என்னக்கா செய்வீங்க?"

"போனு தொலைஞ்சா நீ என்ன செய்வே?"

இந்தக் கேள்விக்காகவே பிறந்தவள் நான். ஆப்பைத் திறந்து, 'வெளியேறு' என்பதை அழுத்திக் காட்டினேன். "பாருங்கக்கா, இனிமே யாராலயும் உள்ள போக முடியாது."

அந்த 'யாராலும்' என்பதில் நானும் அடக்கம் என்பது பன்னிரண்டே முக்காலுக்குத் தெரிந்தது. என் முறை வந்ததும் அதிகாரி, "ஆப்பைத் திறங்கம்மா, க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணணும்" என்றார். திறந்தேன். பதிவு செய்த எண்ணுக்கு ஓடிபி அனுப்பப்பட்டிருப்பதாகத் திரை சொன்னது. பள்ளிக்கூடத்தில் ஆதார் எடுத்தபோது கொடுத்தது அம்மாவின் எண். அம்மா ராஜபாளையத்தில். பஸ்ஸில் போய்த் திரும்ப ஒரு மணி நேரம். என்னிடம் இருந்ததோ பதினைந்து நிமிடம்.

அழைத்தேன். "அம்மா, ஒரு நம்பர் வந்திருக்கும். சீக்கிரம் சொல்லு."

"சொல்ல மாட்டேன். யாருக்கும் சொல்லாதன்னு இதுலயே போட்டிருக்கு."

"நாந்தாம்மா!"

"ஏலே, எவன்லே நீ? எம் மவ நம்பர்லயே, அவ குரல்லயே பேசுவியன்னு அவ முன்னாடியே சொல்லிட்டா."

சொன்னது நான்தான். குரலைக் காப்பியடித்து ஏமாற்றுகிறார்கள் என்று பயமுறுத்தி, வீட்டுக்கென ஒரு ரகசியச் சொல் வைத்ததும் நான்தான். நல்லவேளை, ஞாபகம் வந்தது.

"வெண்டைக்காய்!" என்று கத்தினேன். மொத்தக் கூடமும் திரும்பிப் பார்த்தது.

"அது போன மாசத்துது. மாசாமாசம் மாத்தணும்லா? ஒண்ணாந்தேதியே மாத்தியாச்சு."

"புதுசு என்னம்மா?"

"போன்ல சொல்லக் கூடாது." வைத்துவிட்டாள்.

ஓடிபியை இன்னொரு தடவை அனுப்பச் சொல்லி அழுத்திவிட்டு, மறுபடி அழைத்தேன். மறுபடி வைத்தாள். பன்னிரண்டு ஐம்பத்து மூன்று. "ஒரு மணிக்குப் பட்டியலை அனுப்பிருவேம்மா" என்று அதிகாரி மெதுவாகச் சொன்னார். தன் ஃபைலை முடித்துவிட்டு நின்ற சேத்தூர் அக்கா, போனைப் பிடுங்கித் தானே அழைத்து, ஸ்பீக்கரில் போட்டார்.

"யம்மா, வைக்காதிய. ஒங்க மவளுக்கு மட்டும் தெரிஞ்சது எதையாச்சும் கேட்டுப் பாருங்க."

அம்மா வைக்கவில்லை. "பதினேழு வயசுல நாய்க்குட்டிக்குப் பயந்து எங்க ஏறி நின்னா?"

(நாய்க்குப் பெயர்போன ஊர் எங்களுடையது. அங்கே பிறந்தவளுக்கு வந்த கேள்வி இது.)

"மாவு மில் தராசு மேல."

"சத்தமா!"

"மாவு மில் தராசு மேல!"

அதிகாரியின் பேனா நின்றது. "சரிம்மா, இப்ப நம்பரைச் சொல்லு!" என்றேன்.

"ஒண்ணு போதுமா? ரெண்டு அடுக்கு வேணும்னு எம் மவ படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கா. தராசு எம்புட்டு காட்டுச்சு?"

வேலையா, மானமா என்று யோசிக்கக்கூட நேரமில்லை.

"அறுபத்தெட்டு கிலோ!"

"ஏட்டி, நீதானா?" அம்மாவின் குரல் ஒரே நொடியில் உருகிப்போனது. "சாப்பிட்டியா?"

"நம்பர்!" என்று நானும் அக்காவும் சேர்ந்து அலறினோம், அதிகாரியும் கத்தினார் என்றுதான் நினைக்கிறேன். ஆறு இலக்கத்தை அம்மா ஒவ்வொன்றாக, ரேஷனில் சீனி அளப்பதுபோல அளந்து சொன்னாள். பன்னிரண்டு ஐம்பத்தெட்டுக்கு ஆப் திறந்தது. அதிகாரி ஸ்கேன் செய்து, என் பெயருக்கு நேரே ஒரு டிக் போட்டு, சிரிப்பை அடக்க ஃபைலுக்குள் முகத்தை வைத்துக்கொண்டார்.

வேலை கிடைத்துவிட்டது. ஆதாரில் இப்போது என் எண். ஆனால் வீட்டில் அந்தப் பழைய சரிபார்ப்பு நிற்கவில்லை. சாயங்காலம் வந்து கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து, "எம்புட்டு?" என்று குரல் வரும்.

"அறுபத்தெட்டு" என்பேன். இப்போது எழுபத்து நான்கு. ஆனால் உண்மையைச் சொன்னால் கதவு திறக்காது.