முப்பத்தாறு பல்பும் எரிந்த நாள்

ஊவா மாகாணத்திலேயே, பஸ் பிந்தி வந்ததற்குக் கண்டக்டரிடம் மன்னிப்புக் கேட்ட ஒரே மனிதர் எங்கள் மூலை சேர்தான். "நான்தாங்க வெள்ளன வந்துட்டேன்" என்பார். எது பிசகினாலும் பிழை தன்னுடையது என்று நம்புகிற பிறவி.

பசறையில் ஒரே பாடசாலையில் அவர் பௌதிகவியல் ஆசிரியர், நான் இரசாயனவியல். பஸ்ஸில் எப்போதும் பின் மூலையில்தான் நிற்பார். அதனால் அந்தப் பெயர்.

"பாருங்க டீச்சர், எங்க ஏறினாலும் பின்னுக்குப் போங்கன்னு தள்ளுறாங்க. முன்னுக்கு வர வழியில்ல. கடைசியில கூட்டம் பூரா மூலையில. நான் கட்டுற பல்புப் பலகையில கரண்டும் இப்பிடித்தாங்க. நடுவுல நாலு பல்பைப் பிடுங்கினாலும் மூலை அணையாது."

இதை விளக்கிக்கொண்டே ஒருநாள் இறங்கும் இடத்தைத் தவறவிட்டு பதுளை வரை போனார். அதற்கும் கண்டக்டரிடம் மன்னிப்பு. நானோ விடைத்தாள் நினைப்பில் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தேன்.

பழைய ரேடியோக்களைப் பிரித்து, எட்டு வருஷமாக அந்தப் பலகையைக் கட்டினார். ஆறு வரிசை, வரிசைக்கு ஆறு குட்டி பல்பு. விஷயம் தெரிந்த ஒருவர் அதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. கடைசியில் பாடசாலைக் கண்காட்சிக்குக் கம்பஸிலிருந்து ஒரு பேராசிரியர் வர ஒத்துக்கொண்டார்.

அன்று காலை ஆய்வுகூடத்துக்கு நான்தான் முதலில் போனேன். பலகையில் ஒரு மூலை பல்பு மட்டும் எரிகிறது, முப்பத்தைந்து செத்துக் கிடக்கின்றன. ஐயோ பாவம், மானம் போகப்போகிறதே என்று, பலகைக்கு அடியில் சிவப்புக் கம்பிகளை இழுத்து அத்தனைக்கும் நேரே கரண்ட் கொடுத்தேன். கல்யாண வீடு மாதிரி எரிந்தது.

பேராசிரியர், "அழகா இருக்கு" என்றார், தேநீர் குடித்தார், போய்விட்டார்.

சேர் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். "மூலை மட்டுந்தான் எரியணும் டீச்சர். என் கணக்குப் பிழைங்க."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. பக்கத்தில் பாடசாலை அதிபர் நின்றார்; நான் தேநீர்க் கோப்பைகளை எடுக்கப் போனேன். வேறு யாராக இருந்தாலும் பலகையைத் திருப்பிப் பார்த்திருப்பார்கள். அவர் திருப்பவே இல்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். அதற்குள் சேர் பலகையையும் எடுத்துக்கொண்டு கொஸ்லந்தவுக்கு மாற்றலாகிப் போனார். அந்த ‘நாளைக்கு’ ஆறு வருஷமாக வரவில்லை.

போன மாதம் சேர் தவறிவிட்டார். துக்கம் விசாரிக்கப் போனபோது பலகை அலுமாரி மேல் இருந்தது.

"பிழை பிழைன்னுதான் சொல்லுவாருங்க," என்றார் அவர் மனைவி. "ஆனா தூசி படிய விடமாட்டாரு."

இறக்கித் திருப்பினேன். என் சிவப்புக் கம்பிகள் அப்படியே இருந்தன. அழுதுகொண்டே பிடுங்கிவிட்டுக் கரண்ட் கொடுத்தேன். மூலை பல்பு மட்டும் எரிந்தது. நடுவில் நாலைக் கழற்றினேன். அணையவில்லை.

மாலை போட்ட படத்தைப் பார்த்துச் சொன்னேன்: "உங்க கணக்குச் சரிதான் சேர். பிந்தி வந்தது நான்தாங்க."