பட்டு பிடிக்காத பெண்

பெண் பார்க்க வருகிறவர்கள் முகம் பார்ப்பார்கள், உயரம் பார்ப்பார்கள், என்ன வேலை என்று கேட்பார்கள். உள்ளங்கையை யாரும் பார்க்கமாட்டார்கள் என்றுதான் நானும் நம்பியிருந்தேன்.

அப்போது நான் காஞ்சிபுரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்த்தேன். ஊசி குத்துமுன் சோப்பு, குத்தியபின் சோப்பு. மார்கழிப் பனியும் சேர்ந்துகொண்டதில் விரலெல்லாம் வெடித்துக் கை தேங்காய்த் துருவி மாதிரி ஆகிவிட்டது. (குழம்புச் சோறு பிசைந்தால் கண்ணில் தண்ணீர் வரும். காரம் என்று சமாளிப்பேன்.)

அந்த நேரம் பார்த்துத்தான் முரளி வீட்டார் என்னைப் பார்க்க வந்தார்கள். முரளி ஏசி மெக்கானிக். அவருடைய அம்மா, அப்பா இருவரும் பட்டு நெசவாளர்கள். தாங்களே நெய்த சேலையோடு வருகிறார்கள் என்றதும் நான் என் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டேன். முந்தின வாரம்தான் ஒரு கடையில் பட்டைத் தொட்டு, வெடிப்பில் இழை மாட்டி, விற்பனையாளர் என் விரலை விடுவிக்கும்படி ஆகியிருந்தது.

"கொஞ்சம் வெளக்கெண்ணெய் தடவிக்கோடி, சரியாப்பூடும்" என்றாள் அம்மா.

எனக்குக் கொஞ்சம் போதவில்லை. அரைப் பாட்டிலைக் கவிழ்த்தேன்.

முரளியின் அப்பாவிடம் காபியை நீட்டினேன். டம்ளர் மீன் மாதிரி வழுக்கி, அவருடைய வெள்ளை வேட்டியில் கவிழ்ந்தது. (நல்லவேளை, ஆறிய காபி.) மனிதர் கத்தவில்லை. எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு, "நல்ல காபிதாம்மா, வாசனையே சொல்லுது" என்றார்.

நிலைமையைச் சமாளிக்க அவர் மனைவி அவசரமாகச் சேலையை விரித்தார். அரக்கு நிறம், மாங்காய்க் கரை. "புடிச்சிப் பாரும்மா."

தொட்டால் எண்ணெய்க் கறை. துடைத்துவிட்டுத் தொட்டால் இழை போய்விடும். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, "எனக்குப் பட்டுன்னா புடிக்காதுங்க" என்றேன்.

காஞ்சிபுரத்தில், தறியில் உட்காருகிற ஒருவரிடம். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். முரளியின் அம்மா சேலையை மடிக்கத் தொடங்கினார். அந்த முகம் வாடியதை என்னால் பார்க்க முடியவில்லை. கைகளை நீட்டி அழுதேவிட்டேன்.

"பொய் சொல்லிட்டேங்க. ரொம்பப் புடிச்சிருக்குது. நான் தொட்டா பாழாப்பூடும்."

முரளி எழுந்து வந்து என் கையைப் பார்த்தார். பிறகு தன் கையை நீட்டினார். அதுவும் வெடித்திருந்தது.

"பனிக்காலம் வந்தா எனக்கும் இப்படித்தாங்க. காலையில இருந்து என் போனே என் விரலை நம்பமாட்டேங்குது." விரலைப் போனில் வைத்தும் காட்டினார். போன் திறக்கவில்லை. "டாக்டர் களிம்பு குடுத்திருக்காரு. கை கழுவின ஈரம் காயறதுக்குள்ள துளி தடவினா போதும். நீங்க பஜ்ஜி போடற அளவுக்கு ஊத்திக்கினு வந்திருக்கீங்க."

முதலில் சிரித்தவர் அவருடைய அம்மாதான். மடித்த சேலையை மறுபடி விரித்து என் தோளில் தானே போர்த்தினார். "கையை மட்டும் தூக்கிக்கினு நில்லும்மா."

வைகாசியில் கல்யாணம் நடந்தது. அதற்குள் என் கையும் ஆறிவிட்டது. இப்போதெல்லாம் பனிக்காலத்தில் எங்கள் இருவருக்கும் ஒரே களிம்பு டப்பா, அதை யார் தீர்த்தது என்று தினமும் சண்டை. நான் காபியோடு கூடத்துக்குள் வந்தால் மாமனார் இன்றும் விருந்தாளிகளிடம் நிதானமாகச் சொல்கிறார்:

"மருமக வந்துக்கினு இருக்குது. வேட்டியை மடிச்சிக் கட்டிக்கோங்கப்பா."