மற்றப்பக்கத்தார்

மன்னார்த் தீவில் ஒரு வழியை மட்டும் நம்பி எந்தக் காரியத்திலும் இறங்காத ஒரே மனிதர் எங்கள் தொலைத்தொடர்புக் கந்தோரின் தொழில்நுட்ப அதிகாரிதான். யார் எதைச் சொன்னாலும், "அது சரி, மற்றப்பக்கத்தால வழி இருக்கோ?" என்று கேட்பார். அதனால் ஊர் அவருக்கு மற்றப்பக்கத்தார் என்று பேர் வைத்தது. சொந்தப் பேர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

காலையில் தோட்டவெளியிலிருந்து பெரிய ரோட்டால் வருவார். பின்னேரம் குச்சொழுங்கையால் சைக்கிளை உருட்டிக்கொண்டு திரும்புவார். கலியாணம் பேசவே இரண்டு தரகர்மாரை இரண்டு பாதையால் அனுப்பினவராம், ஒருத்தர் தவறினாலும் மற்றவர் போய்ச் சேரட்டும் என்று. இரண்டு பேரும் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தார்கள். பெண் வீட்டார் மாப்பிள்ளையும் இரண்டு என்று நினைத்து, இரண்டாவது தரகர் சொன்ன பொடியன்தான் நல்லவன் என்று முடிவெடுத்தார்கள். முதலாவது பொடியனில் என்ன குறை கண்டாய் என்று மனிசியோடு இன்றைக்கும் சண்டை.

தீவுக்கு வரும் ஒளியிழைக் கேபிள் பாலத்தால்தான் வரும். அது அறுந்தால் உதவட்டும் என்று மேலிடம் இன்னொரு கேபிளும் போட்டது, அதே பாலத்தால். மனிதர் கொதித்துப்போனார். ஒரே வள்ளத்தில் இரண்டு பேரை ஏற்றிவிட்டு, வள்ளம் கவிழ்ந்தால் ஒருத்தரை ஒருத்தர் காப்பாற்றுவார்கள் என்று சொல்கிற கதை இது என்றார். மேலிடத்துக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டு அரியண்டம் கொடுத்தே, டவருக்கு டவர் காற்றால் போகும் ரேடியோ வழி ஒன்றை எடுத்துவிட்டார். அது ஒடுங்கிய வழி. எல்லாரும் போக ஏலாது. ஆகவே கேபிள் அறுந்தால் முதலில் ஆஸ்பத்திரி, அடுத்தது போன் அழைப்பு, வீடியோ கடைசி என்று வரிசையும் வகுத்துவைத்தார்.

போன வருடம் அவருடைய ஒரே மகளுக்குப் பிரான்சில் கலியாணம். மனிசிக்கு விசா கிடைத்தது, இவருக்குக் கிடைக்கவில்லை. கந்தோரில் திரை கட்டி நேரலையாகப் பார்ப்பதென்று ஏற்பாடு. பட்டுவேட்டியோடு முன்கதிரையில் வந்து இருந்தார். மாதா கோயில் வாசலில் மகள் காரால் இறங்கினாள். திரை அப்படியே நின்றுவிட்டது. பாலத்துக்கு அங்கால் ரோட்டுக் கரையைக் கிண்டிய பெக்கோ இயந்திரம் இரண்டு கேபிளையும் ஒரே இழுவையில் அறுத்துவிட்டது.

எல்லாம் தானாக ரேடியோ வழிக்கு மாறியது, அவர் வகுத்த வரிசைப்படியே. விபத்தில் அடிபட்ட ஒருவரின் மண்டை ஸ்கேன் படங்கள் எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து யாழ்ப்பாணத்து டொக்டருக்குப் போய்க்கொண்டிருந்தன. வீடியோவுக்கு இடமில்லை.

"அண்ணை, தாலி கட்டிற நேரம் மட்டும் வீடியோவை முன்னுக்கு விடுவம். ஆருக்குத் தெரியப்போகுது?" என்றேன்.

அசையாத திரையில் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அங்க கிடக்கிறவருக்கும் பிள்ளையள் இருக்கும், தம்பி. விடு."

வேட்டித் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். எனக்குப் பொறுக்கவில்லை. ஆனால் அவரோடு இத்தனை காலம் இழுபட்டதில் எனக்கும் அந்த மற்றப்பக்க வருத்தம் தொற்றியிருந்தது. ஆஸ்பத்திரிக்கு அடுத்தது போன் அழைப்புத்தானே? அவர் மனிசிக்குப் போன் எடுத்து விசயத்தைச் சொன்னேன். மனிசி அங்கே போனை மகளுக்குக் கிட்டப் பிடிக்க, நான் இங்கே இவர் காதோடு பிடித்தேன். சுவாமியின் செபம் கேட்டது. தாலி கட்டும்போது அடித்த மணி கேட்டது. கடைசியில் மகளின் குரல்.

"அப்பா, கேக்குதோ?"

"ஓம் பிள்ளை," என்றார். "மற்றப்பக்கத்தால வடிவாக் கேக்குது."

போன் பிடித்திருந்த என் கை நொந்தது. எடுக்க மனம் வரவில்லை.