டோக்கன் எதுக்கு, என் பை எனக்குத் தெரியாதா?

அன்னிக்கு வேலை ஒண்ணே ஒண்ணுதான். கே.கே. நகர் போய் நாத்தனார்கிட்டேருந்து ஒரு பழைய சட்டையை வாங்கிட்டு வரணும்.

நான் அப்போ நிறைமாசம். டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் ரெண்டு வாரம் இருந்துச்சு.

எங்க வீட்ல பொறந்த குழந்தைக்குப் புதுத்துணி போட மாட்டாங்க. வேற ஒரு குழந்தை போட்டு, நல்லபடியா வளர்ந்து, தோய்ச்சுத் தோய்ச்சு மெத்துனு ஆன பழைய துணிதான் முதல்ல மேல படணும். நிறைய வீட்ல இது உண்டு. ஆனா எங்க வீட்ல அதுக்குன்னே ஒரு சட்டை இருக்கு. ஒரு காலத்துல நீலமா இருந்துச்சாம். நான் பார்த்தப்போ அது எந்தக் கலர்லயும் சேராம இருந்துச்சு.

ஒன்பது குழந்தைங்க போட்ட சட்டை அது. என் மூத்தவனும் போட்டான். ஒன்பது பேரும் நல்லாப் படிச்சு, நல்லாச் சாப்பிட்டு, நல்லா இருக்காங்க.

போடாதது ஒருத்தன்தான். பிரசாந்த். என் நாத்தனாரோட சொந்தப் பையன். அவன் பொறந்த அன்னிக்கு மழை, சட்டை காயலை. அவன் பதினொண்ணாம் கிளாஸை ரெண்டு தடவை எழுதினான், நாலு வேலை மாத்தினான். எல்லாத்துக்கும் காரணம் அந்த ஈரச் சட்டைதான்னு அண்ணி முடிவே பண்ணிட்டாங்க.

அண்ணின்னா வசந்தி அண்ணி. என் வீட்டுக்காரர் பாலாவோட அக்கா, அவரை விடப் பதினாறு வயசு மூத்தவங்க. அவங்க வந்து நின்னா பாலா இன்னும் மொபைலைப் பின்னாடி மறைப்பார்.

“டெலிவரி ஆப்ல போட்டு அனுப்புங்களேன் அண்ணி”ன்னு போன்ல கேட்டேன்.

“என்னது? ஒன்பது புள்ளைங்க போட்ட சட்டையை முன்னப்பின்ன தெரியாதவன் கையில குடுக்கச் சொல்றியா?”

“சனிக்கிழமை நான் போய் வாங்கிட்டு வர்றேன்”னு பாலா சொன்னார். நான் கேட்டேனா? எனக்கு ஒரு வேலை மண்டையில ஏறிடுச்சுன்னா அன்னிக்கே முடியணும். அவர் ஆபீஸ் கிளம்பின அஞ்சாவது நிமிஷம் நான் ஆட்டோவுல இருந்தேன்.

அண்ணி சட்டையை ஒரு வெள்ளைத் துணியில மடிச்சு, மேல ஒரு சீட்டு குத்தி வெச்சிருந்தாங்க. சீட்டுல அவங்க பேர், போன் நம்பர். அதை ஒரு கட்டைப்பையில போட்டுக் குடுத்தாங்க. தி.நகர் துணிக்கடையில ஜவுளி எடுத்தா குடுப்பாங்களே, மேல ரெண்டு மரக்குச்சி வெச்ச பை, அதுதான்.

“ரேவதி, நேரா வீட்டுக்குப் போ.”

“நேராத்தான் அண்ணி.”

நேராத்தான் போனேன். தி.நகர் வழியில வந்துச்சு, நான் என்ன பண்ண?

குழந்தைக்குத்தானே புதுசு வாங்கக்கூடாது, அம்மாவுக்கு வாங்கலாம்ல? பால் குடுக்க வசதியா முன்னாடி ஜிப் வெச்ச நைட்டி ரெண்டு எடுத்துட்டு, பத்தே நிமிஷத்துல வெளிய வந்துடலாம்னு ஒரு பெரிய துணிக்கடையில இறங்கினேன். வாசல்ல பையை வாங்கி வெச்சுக்கிட்டு டோக்கன் குடுத்தாங்க. நான் மாடி ஏறினேன்.

மூணாவது நைட்டியை விரிச்சுப் பார்த்துட்டு இருக்கும்போது இடுப்புல ஒரு பிடி. பெருசா எடுத்துக்கலை.

ஆறாவது நைட்டியில இன்னொரு பிடி. கவுன்ட்டரைப் பிடிச்சுக்கிட்டேன்.

சேல்ஸ் பொண்ணு என் மூஞ்சியைப் பார்த்தா. “அக்கா, கலர் பிடிக்கலையா?”

“கலர் நல்லாருக்கும்மா. எனக்கு வலி வந்துடுச்சு.”

அதுக்கப்புறம் அந்தக் கடையில நடந்ததெல்லாம் திருவிழாதான். ஒருத்தர் நாற்காலி கொண்டு வந்தார், ஒருத்தர் லிஃப்ட்ல இருந்தவங்களை இறக்கிவிட்டார், ஒரு அம்மா எனக்கு விபூதி பூசினாங்க. பில் போடாத ரெண்டு நைட்டியோட என்னைக் கீழ கூட்டிட்டு வந்தாங்க. (அப்புறம் பாலா போய்ப் பணம் கட்டிட்டார். திட்டாதீங்க.)

பை கவுன்ட்டர்ல இருந்தவர், “மேடம், டோக்கன்?”னார்.

டோக்கன் ஹேண்ட்பேக்ல எங்கயோ. நான் நிக்கிற நிலைமையில தேட முடியுமா?

“டோக்கன் எதுக்கு? என் பை எனக்குத் தெரியாதா? அதோ, அதுதான்!”

“மேடம், அதே மாதிரி பதினஞ்சு பை இருக்கு…”

“நான் சொல்றேன்ல, அதுதான்!”

வலியில கத்துற நிறைமாசக்காரிகிட்ட யார் வாதாடுவா? நான் காட்டின பையை அப்படியே தூக்கி ஆட்டோவுல வெச்சுட்டார்.

ஆட்டோ டிரைவர் மயிலாப்பூர் ஆஸ்பத்திரி வரைக்கும் ஹாரன்ல இருந்து கையை எடுக்கலை. நந்தனம் சிக்னல்ல தலையை வெளிய நீட்டி, “ஓரம் போ நைனா! உள்ள புள்ளத்தாச்சி கீது!”ன்னு ஒரு பெரிய காரையே ஒதுங்க வெச்சார்.

ஒரு மணி நேரம் கூட ஆகலை. பொண்ணு பொறந்துட்டா. மூணு கிலோ தொள்ளாயிரம் கிராம்!

அவளை என் நெஞ்சு மேல வெச்சப்போ அழுதேன். சந்தோஷத்துல அழுதேன், வலிச்சதுக்கும் அழுதேன். ரெண்டாவது குழந்தைதானே, பழகியிருக்கும்னு சொல்றவங்க யாராவது இருந்தா அனுப்பி வைங்க, ரெண்டு வார்த்தை பேசணும்.

பாலா வேர்த்து விறுவிறுக்க ஓடி வந்தார். குழந்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் கையைப் பிடிச்சுக்கிட்டார்.

அங்க வேலை பார்க்கிற ஆயாம்மா கை நீட்டினாங்க. “வூட்லேந்து எட்த்தாந்த பழ்ய துணி குடு சார்.”

பாலா கட்டைப்பையைத் திறந்தார். உள்ள தைக்காத ஜாக்கெட் பிட்டு நாலு, பளபளன்னு. அதுக்கு அடியில பழைய காட்டன் ஜாக்கெட் ஒண்ணு. துவைச்சு, இஸ்திரி போட்டு, மடிச்சது. அவ்வளவுதான்.

“ரேவதி, சட்டை எங்க?”

நான் பார்த்தேன். எனக்கு மறுபடியும் வலி வந்த மாதிரி இருந்துச்சு.

“இந்தப் புதுத்துணி மெத்துனுதானே இருக்கு, இதுல சுத்திடலாமா?”ன்னு ஒரு பிட்டை எடுத்தார்.

“இன்னா சார் நீ? பச்சப் புள்ள மேல புச்சு போடுவாங்களா?” ஆயாம்மா அடியில இருந்த ஜாக்கெட்டை எடுத்துத் தடவிப் பார்த்தாங்க. “இது சோக்கா கீது. ஹூக்கு குத்தும், அத்தொட்டு வெட்டிட்றேன்.”

நாங்க வாய் திறக்கறதுக்குள்ள கத்திரியால டிக் டிக்னு அஞ்சு ஹூக்கும் எவர்சில்வர் தட்டுல விழுந்துச்சு. யாரோ ஒரு அம்மாவோட அளவு ஜாக்கெட்டுக்குள்ள என் பொண்ணு ஜம்முனு தூங்கிட்டா.

டெய்லர்கிட்ட அளவுக்குக் குடுக்கற ஜாக்கெட்னா என்னன்னு பொம்பளைங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சரியா அமைஞ்ச ஒரு ஜாக்கெட்டை வெச்சுத்தான் வாழ்நாள் பூரா மத்ததெல்லாம் தைப்போம். அந்த அஞ்சு ஹூக்கையும் தட்டோட அப்படியே வெச்சிருக்கச் சொன்னேன்.

அதுக்குள்ள பாலா குடும்ப குரூப்ல சேதி போட்டுட்டார். முதல் பதில் அண்ணிகிட்டேருந்து. “மகாலட்சுமி வந்துட்டா! சட்டை போட்டாச்சா?”

பாலா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். “ஆச்சு”ன்னு தட்டி விட்டுட்டார்.

“போட்டோ அனுப்பு.”

குழந்தை மூஞ்சியை மட்டும் எடுத்து அனுப்பினார்.

“கழுத்துக்குக் கீழ அனுப்பு.”

“நெட் சரியில்லை அக்கா.”

“சரி. நேர்லயே வர்றேன்.”

நான் படுக்கையில கிடந்து ஒப்பாரி வைக்காத குறை. வேற எதுன்னாலும் சமாளிச்சிருப்பேன். ஆனா அந்தச் சட்டை என் குழந்தைக்கு மட்டும் இல்லை, அண்ணிக்கும் வேணும். தன் பையனுக்குத்தான் போட முடியலை, மத்த எந்தக் குழந்தைக்கும் அது தவறிடக்கூடாதுன்னுதான் அவங்க இத்தனை வருஷமா அதைக் காபந்து பண்றாங்க. அதை நான் நைட்டிக்காகத் தொலைச்சுட்டேன்.

சாயங்காலம் கதவு திறந்துச்சு. அண்ணி. கையில கட்டைப்பை. பின்னாடியே மூக்குக்கண்ணாடி போட்டு, கஞ்சி போட்ட காட்டன் புடவையில உயரமா ஒரு அம்மா.

நான் போர்வையைக் குழந்தையோட கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டேன்.

“போர்வையை எடு”ன்னாங்க அண்ணி.

“குளிருது அக்கா”ன்னார் பாலா.

“மே மாசத்துலயா?”

எடுத்தேன். பின்னாடி நின்ன அம்மா ரொம்ப அமைதியாச் சொன்னாங்க. “அது என் ஜாக்கெட்.”

விஷயம் இதுதான். அவங்க ஸ்டெல்லா டீச்சர். சாந்தோம்ல வீடு, முப்பது வருஷத்துக்கு மேல கணக்கு டீச்சரா இருந்து ரிடையர் ஆனவங்க. மகனுக்கு இன்னும் பத்து நாள்ல கல்யாணம். டெய்லர்கிட்ட போற வழியில புடவை பார்க்க வந்தவங்க, கடையில மாத்திக் குடுத்த என் பையை வாங்கிட்டுப் போயிருக்காங்க. ஆட்டோவுல ஏறித் திறந்தா சட்டை, சீட்டு, நம்பர். அண்ணிக்கே போன் பண்ணி, நேரா கே.கே. நகர் கொண்டு போயிட்டாங்க. நாங்க “ஆச்சு”ன்னு அனுப்பினப்போ சட்டை அண்ணி மடியிலதான் இருந்திருக்கு!

“நெட் இப்ப சரியாயிடுச்சா தம்பி?”ன்னு அண்ணி கேட்டாங்க. பாலா தண்ணி பிடிச்சுட்டு வர்றேன்னு பாட்டிலை எடுத்தார். பாட்டில் நிறையத் தண்ணி இருந்துச்சு.

டீச்சர் தட்டுல இருந்த ஹூக்கை எண்ணினாங்க. “அஞ்சும் இருக்கு.” அப்புறம் ஒரு பெருமூச்சு. “நாலு டெய்லர் மாத்தி, அஞ்சாவது ஆள்தான் இதைச் சரியாத் தைச்சார். அவரும் கோயம்புத்தூர் போயிட்டார். பதினெட்டு வருஷமா இதை வெச்சுத்தான் எல்லாம் தைக்கிறேன்.”

“மன்னிச்சுடுங்க டீச்சர்”னு சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துடுச்சு. பக்கத்துப் படுக்கையில இருந்த பொண்ணும் கண்ணைத் துடைச்சுக்கிட்டா.

“அழறதை அப்புறம் அழு. முதல்ல சட்டையைப் போடணும்”னு அண்ணி ஜாக்கெட்டை விலக்கினாங்க. குழந்தை ஊரைக் கூட்டுச்சு. ஒரு கை நுழைஞ்சுது. அடுத்த கை பாதி நுழைஞ்சுது.

டர்ர்!

ஒன்பது குழந்தை போட்ட சட்டை தோள்பட்டையில இருந்து இடுப்பு வரைக்கும் கிழிஞ்சு போச்சு.

“மத்த புள்ளைங்க எல்லாம் ரெண்டரைக் கிலோ”ன்னு அண்ணி முணுமுணுத்தாங்க. அப்படியே ஸ்டூல்ல உக்காந்துட்டாங்க. “என் பையனுக்குப் போட முடியலை. இவளுக்கும் இல்லாமப் போச்சே.” அந்தக் குரலை நான் அதுவரைக்கும் கேட்டதே இல்லை.

டீச்சர்தான் பேசினாங்க. “உங்க பையன் இப்ப என்ன பண்றார்?”

“பதினொண்ணாம் கிளாஸ் ரெண்டு தடவை எழுதினான்.”

“இப்பன்னு கேட்டேன்.”

“இப்ப… சொந்தமா ஏசி ரிப்பேர் கடை வெச்சிருக்கான். கல்யாணம் ஆகி நல்லாத்தான் இருக்கான். தினம் சாயங்காலம் என்னை வந்து பார்த்துட்டுத்தான் போவான்.”

“என் மகன் ஸ்கூல்ல முதல் மார்க். அமெரிக்காவுல இருக்கான். கல்யாணத்துக்கே முந்தின நாள்தான் வர்றான்”னாங்க டீச்சர்.

அண்ணி கிழிஞ்ச சட்டையை மடிச்சு மடியில வெச்சுக்கிட்டாங்க. அப்புறம் மூக்கைத் துடைச்சுக்கிட்டு டீச்சரை மேலயும் கீழயும் பார்த்தாங்க. அண்ணி மறுபடியும் அண்ணி ஆயிட்டாங்கன்னு எனக்குத் தெரிஞ்சுது.

“சுகர் இருக்கா?”

“இல்லை.”

“பிரஷர்?”

“இல்லை.”

“கண்ணு?”

“படிக்க மட்டும் கண்ணாடி.”

“கிளாஸ்ல பசங்க அடங்குவாங்களா?”

“நான் வராந்தாவுல வரும்போதே அடங்கிடுவாங்க.”

“அப்ப சரி”ன்னாங்க அண்ணி. ஜாக்கெட்டை எடுத்து அவங்க கையாலயே குழந்தையைச் சுத்தினாங்க. அழுகை நின்னுடுச்சு.

“ஆனா கல்யாணத்துக்குத் தைக்க வேண்டிய என் நாலு ஜாக்கெட்?”னாங்க டீச்சர். ஹேண்ட்பேக்ல இருந்து இஞ்ச் டேப் வந்துச்சு, ஒரு சின்ன நோட்டும் வந்துச்சு. ஜாக்கெட்டைக் கழட்டினா குழந்தை மறுபடியும் கத்தும். அதனால குழந்தையோட சேர்த்தே அளந்தாங்க. கை நீளம், தோள், கழுத்து இறக்கம். நடுவுல என் பொண்ணு காலை உதைச்சா.

“அசையாதே”ன்னாங்க டீச்சர்.

பொறந்து நாலு மணி நேரம் ஆன குழந்தை, சத்தியமா சொல்றேன், அசையலை!

கல்யாணத்துக்கு நாங்க போக முடியலை, அண்ணி போனாங்க. டீச்சர் ஜாக்கெட் இடது கையில மட்டும் கொஞ்சம் டைட்டாம். உதைச்ச பக்கமா இருக்கும்.

இப்ப என் பொண்ணுக்குப் பத்து மாசம். யாராவது சத்தமாப் பேசினா திரும்பி ஒரு பார்வை பார்க்கறா, பேசினவங்க தானா நிறுத்திடறாங்க. பாலா இப்ப மொபைலை அவளைப் பார்த்தும் மறைக்கிறார்.

நேத்து அண்ணி போன் பண்ணினாங்க. பிரசாந்த் பொண்டாட்டிக்கு ஏழாம் மாசம்.

“ரேவதி, அந்த டீச்சர் ஜாக்கெட் இருக்குல்ல? டெலிவரி ஆப்ல போட்டு அனுப்பிடு.”

“என்னது அண்ணி! குடும்பத்துச் சொத்தை முன்னப்பின்ன தெரியாதவங்க கையில குடுக்கறதா? நேர்ல வந்து வாங்கிக்கங்க.”

“சரி, வர்றேன். ஒரு கட்டைப்பையில போட்டு வை.”

சூட்கேஸ்ல வெச்சுப் பூட்டியிருக்கேன்.