தோளில் தைக்க ஒரு துண்டு

"இந்தத் தறி இருக்கிற வரைக்கும் நீ ஏழை இல்லப்பா," என்றார் பெல்லமி.

ஏபெல் ஹைண்டுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆற்றங்கரையில் ஆலை வந்த நாள் முதல் அவன் தறிக்கு நூல் கொடுப்பாரில்லை. உள்ளே மனைவி டார்கஸ் மூன்று நாளாக வெந்நீரைக் குடித்துவிட்டுப் படுத்துக் கிடக்கிறாள். கோயிலில் ஏழைகளுக்கு இலவசமாகக் கொடுக்கிற ரொட்டி கிடைத்தால் பிழைத்துக்கொள்வாள். அதை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்கிற புண்ணியவான்தான் இந்தப் பெல்லமி. போதாத காலம், மனுஷர் கொஞ்சம் லத்தீன் வேறு படித்துத் தொலைத்திருந்தார்.

"ஏழைங்களைப் 'பாப்பர்'ங்கிறோமே, அது ரோமாபுரிக்காரன் வார்த்தை. முதல்ல சரியா விளையாத நிலத்துக்குத்தான் அந்தப் பேராம். அப்புறம்தான் மனுஷனுக்கு வந்துச்சு. உன் தறிதான் விளையுமே?"

"நூல் இல்லாம என்னங்கய்யா விளையும்? ஒட்டடைதான் விளையுது."

"விளையுதுல்ல?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் ஏபெல் தறியை உடைத்து ரொட்டிக்கடை அடுப்புக்கு விறகாகப் போட்டான். அப்பாவின் தறி. கோடரி போடும்போது கண்ணில் தண்ணீர் முட்டியது. அந்தத் தெருவில் ஏற்கெனவே ஒன்பது தறி அதே அடுப்புக்குப் போயிருந்ததால், கடைக்காரர் தீய்ந்த ரொட்டி ஒன்றைத் தூக்கிப் போட்டதோடு சரி.

அடுத்த முறை பெல்லமியின் கண் கொல்லையில் நின்ற கோழி மேல் விழுந்தது.

"கிழடுங்கய்யா. முட்டை போட்டு வருஷமாச்சு."

"மனசு மாறிப் போட்டாலும் போடும்."

கோழியை அடித்து டார்கஸுக்குச் சாறு வைத்துக் கொடுத்தான். மூன்றாம் முறை வந்தவர் நேரே போய்ச் சட்டியைத் திறந்து எலும்பைப் பார்த்தார்.

"கோழிக்கறி சாப்பிடறவன் ஏழையா? ஒரு வாரம் கழிச்சு வரேன்."

அந்த வாரத்தில் கட்டில் போனது, நாற்காலி போனது. டார்கஸ் தரையில் வைக்கோல் மேல் கிடந்தாள், பேச்சு குறைந்துவிட்டது. பெல்லமி வந்து வெறும் வீட்டைச் சுற்றிப் பார்த்துத் தலையாட்டினார்.

"இப்பதான் லட்சணமான ஏழையா இருக்கே. கோயில்ல கெசையாம்மாகிட்ட போய் வலது தோள்ல 'பாப்பர்'ங்கிறதோட முதல் எழுத்தைச் சிவப்புத் துணியில வெட்டித் தைச்சுக்கோ. அது இல்லாம ரொட்டி கிடையாது. சட்டம்."

ஏபெல் ஓடினான். ஏழைகளின் சட்டையில் எழுத்துத் தைக்கிற விதவை கெசையா, காலிக் கூடையைக் கவிழ்த்துக் காட்டினாள்.

"துணி தீர்ந்துபோச்சு தம்பி. இந்த மாசம் அவ்வளவு ஏழைங்க."

"அம்மா, இன்னைக்கு ரொட்டி இல்லேன்னா அவ தாங்க மாட்டா. எப்பதான் துணி வரும்?"

"நான் என்னத்தக் கண்டேன்? சிவப்பு நூல் மூட்டை மூட்டையா வந்து கிடக்கு. அதைத் துணியா நெய்யிற இந்தச் சில்லறை வேலை வேணாம்னுட்டான் ஆலைக்காரன். வீட்டுல தறி வெச்சிருக்கிற ஆள் யாராச்சும் அகப்பட்டா ரெட்டைக் கூலின்னு, காலையிலேருந்து பெல்லமி ஐயா தெருத் தெருவாத் தேடிக்கிட்டிருக்காரு."