மாப்பிள்ளையின் கம்ப்யூட்டருக்கு வைத்த கதவு

ஸ்ரீரங்கம்,
ஐப்பசி, வெள்ளிக்கிழமை

மதிப்பிற்கும் அன்பிற்கும் உரிய மாப்பிள்ளை இளமாறன் அவர்களுக்கு, மாமனார் சின்னையன் எழுதுவது. இங்கு நானும் உங்கள் அத்தை மகாலட்சுமியும் நலம். பெங்களூரில் நீங்களும் எங்கள் அகிலாவும் நலமாக இருக்க ரங்கநாதர் துணை. காவிரியில் தண்ணீர் நன்றாகப் போகிறது. தலை தீபாவளிக்கு உங்களுக்கு வேட்டி சட்டை எடுத்தாகிவிட்டது, முறுக்குக்கு மாவும் அரைத்தாகிவிட்டது. புது வீடு அமையும் வரை இருக்கட்டும் என்று நீங்கள் எங்களிடம் விட்டுச்சென்ற கம்ப்யூட்டரும் நலம் என்று எழுதத்தான் ஆசை.

போனில் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். நீங்கள் "சொல்லுங்க மாமா" என்றதும் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. அலுவலகத்தில் காலமெல்லாம் கடிதம் எழுதிய கை இது, வாயைவிடக் கொஞ்சம் தைரியசாலி. அதனால் பேனாவை எடுத்தேன். படித்து முடிக்கும் வரை கோபப்படாமல் இருக்க வேண்டுகிறேன். முடித்தபின் படலாம்.

ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் பேசும்போது, என் முதுகுக்குப் பின்னால் மேஜைமேல் இருந்த உங்கள் கம்ப்யூட்டர் பெட்டியைப் பார்த்து, "இதுக்கு முன்னாடி கீழ மடங்குற மாதிரி ஒரு கதவு இருந்தா நல்லாத்தான் இருக்கும் மாமா, தூசி போகாது" என்று சொன்னீர்கள். நான் "ஆமாம் மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். வைத்ததுதான் தாமதம், உங்கள் அத்தை என்னைப் பார்த்த பார்வையில் காபி ஆறிவிட்டது. "என்னங்க, புரியலையா உங்களுக்கு? மாப்பிள்ளை குறிப்பு காட்டுறாரு. வாயத் தொறந்து கேக்க முடியுமா அவரால?" என்றாள். நான் சும்மா இருந்திருப்பேன். ஆனால் எங்கள் பெரிய மாப்பிள்ளை விஷயம் உங்களுக்குத் தெரியாது. அவர் தலை தீபாவளிக்கு வந்தபோது, "கரூர்ல ஃபேன் காத்தே சூடாத்தான் வருது" என்றார். நானும் காலம் கெட்டுப்போனது பற்றி, மரம் வெட்டுவது பற்றியெல்லாம் அவரோடு நெடுநேரம் பேசினேன். அவர் கேட்டது ஏ.சி. என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. இன்றுவரை அவர் எங்கள் வீட்டில் ஒரு தோசைக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. எங்கள் மூத்தவள் குழலி அந்த இரண்டாவது தோசையைப் பார்த்துக் கண் கலங்குவதை நான்தான் ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன்.

ஆகவே நீங்கள் தீபாவளிக்கு வந்து பெட்டியைக் காரில் ஏற்றும்போது கதவோடு ஏற்ற வேண்டும் என்று முடிவு செய்தோம். மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு இரும்புக் கடையில் கீல் கேட்டேன். "எந்தக் கதவுக்கு சார்?" என்றார். "கம்ப்யூட்டருக்கு" என்றேன். பக்கத்துக் கடைக்காரரையும் கூப்பிட்டு இன்னொரு முறை சொல்லச் சொன்னார். அவர்கள் இருவரும் சேர்ந்து யோசித்து, அரியமங்கலத்தில் காஜா மைதீன் என்பவரைப் போய்ப் பார்க்கச் சொன்னார்கள். அவர் இரும்பு பீரோ செய்கிறவர். அளவு சரியாக இருக்க வேண்டுமே என்று பெட்டியையே ஒரு போர்வையில் சுற்றி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். காவிரிப் பாலத்தில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் உள்ளே எதுவோ அசைந்தது. அது பெட்டியா என் நெஞ்சா என்று தெரியவில்லை.

காஜா மைதீன் தங்கமான மனிதர். ஆனால் பீரோவைத் தவிர வேறு எதுவும் செய்தறியாதவர். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல், "புது மாப்பிள்ளைக்கு பாய், பார்த்துச் செய்ங்க" என்று சொல்லிவிட்டேன். மறுவாரம் போனால், கதவில் ஆள் முகம் முழுசாகத் தெரியும் கண்ணாடி, அதற்கு இரண்டு பக்கமும் மயில், திருகும் கைப்பிடி, தள்ளினாலே பூட்டிக்கொள்ளும் பூட்டு, உட்பக்கம் நகை வைக்கிற மாதிரி ஒரு குட்டி லாக்கர். "பாய், இது கம்ப்யூட்டர்" என்றேன். "இருக்கட்டும் சார். புது மாப்பிள்ளைன்னு சொல்லிட்டு, கண்ணாடி இல்லாம மொட்டையா குடுத்தா நாளைக்கு என்னைய யாரு மதிப்பாங்க?" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருப்பதுபோல் அப்போது தோன்றியது.

வீட்டில் மேஜைமேல் வைத்துக் கதவைத் திறந்தேன். கதவு கீழே மடங்கியது, கூடவே பெட்டியும் முன்பக்கமாகக் கவிழ வந்தது. உங்கள் அத்தை ஓடிவந்து பிடித்திருக்காவிட்டால் இந்தக் கடிதம் இன்னும் நீளமாகியிருக்கும். பாரம் தாங்க, பின்னால் கிரைண்டர் குழவியைக் கட்டினோம். சரி, ஓடுகிறதா என்று பார்க்கலாமே என்று நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி பொத்தானை அழுத்தினேன். விளக்கெல்லாம் எரிந்தது. சந்தோஷமாகக் கதவை மூடினேன், அணைந்துவிட்டது. பூட்டின் மூக்கு சரியாகப் பொத்தான்மேல் போய்க் குத்துகிறது. காஜா மைதீனைக் கூப்பிட்டால், ஒரு ரப்பர் செருப்பை வெட்டி உள்ளே ஒட்டிக் கொடுத்தார். அணைவது நின்றது, சூடாக ஆரம்பித்தது. காற்று போக வழியில்லை என்றார். மயிலின் தோகையில் கண் இருக்கும் இடமெல்லாம் ஓட்டை போட்டார். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் உள்ளே விசிறி சுற்றினால் அந்த ஓட்டைகள் வழியாக விசில் வருகிறது. உங்கள் அத்தை அடுப்பில் எதுவும் இல்லாதபோதும் குக்கரை அணைக்க ஓடுகிறாள்.

இதுவரை நடந்தது பரவாயில்லை. இன்று காலை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். சாவி தொலைந்துவிடக்கூடாதே என்று இரண்டு சாவியையும் அந்தக் குட்டி லாக்கரில் பத்திரமாக வைத்தேன். அதே கையோடு கதவைத் தூக்கிச் சாத்தினேன், பூட்டிக்கொண்டது. காஜா மைதீன் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் புதுக்கோட்டை போயிருக்கிறார், வந்துதான் அறுத்து எடுக்க வேண்டுமாம். ஓடும்போது கரண்டைப் பிடுங்கினால் உள்ளே இருப்பதெல்லாம் கெட்டுவிடும் என்று நீங்கள் சொன்னது நினைவிருக்கிறது, அதனால் பிடுங்கவில்லை. இதை எழுதும்போதும் எதிரே விசில் அடித்துக்கொண்டிருக்கிறது. நிமிர்ந்தால் கண்ணாடியில் என் முகம்தான் தெரிகிறது, அதைப் பார்க்கவும் பிடிக்கவில்லை.

மாப்பிள்ளை, என் பயம் பெட்டியைப் பற்றியது அல்ல. உங்கள் முகம் ஒரு நிமிடம் சுருங்கினால், அது அகிலாவின் மனதில் ஒரு வருஷம் நிற்கும். கோபம் வந்தால் என்னைத் திட்டுங்கள், அவள் எதிரே வேண்டாம். தலை தீபாவளிக்கு மட்டும் வராமல் இருந்துவிடாதீர்கள். தோசை எத்தனை வேண்டுமானாலும் சாப்பிட வேண்டும்.

சம்பந்தி இருவருக்கும் எங்கள் வணக்கம். நீங்களும் அகிலாவும் எல்லா வளமும் பெற்று, தூசி தும்பு அண்டாமல் வாழ எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
நடுக்கத்துடன்,
சின்னையன்

பின்குறிப்பு: உறையில் போடும் நேரத்தில் நீங்களும் அகிலாவும் போன் செய்தீர்கள். உங்கள் அத்தை மறைக்க நினைத்து, அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். நீங்கள் சிரித்தீர்கள். நீங்கள் சிரித்து நான் கேட்பது இதுதான் முதல் தடவை. "மாமா, நான் கதவே கேக்கலையே. உங்ககிட்ட என்ன பேசுறதுன்னே எனக்குத் தெரியல. நீங்க 'அப்புறம் மாப்பிள்ளை'ன்னு சொல்லிட்டு நிறுத்திருவீங்க. எதையாவது சொல்லணுமேன்னு பயந்துட்டு, கண்ணுல பட்டதச் சொன்னேன்" என்றீர்கள். உண்மையைச் சொல்கிறேன், "அப்புறம் மாப்பிள்ளை"க்கு அப்புறம் என்ன என்று எனக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை உங்களிடம் என்ன பேசுவது என்று சனிக்கிழமையே ஒரு தாளில் குறித்துவைத்துப் பார்ப்பேன். ஆகவே மேலே எழுதிய அனைத்தையும் படிக்காததாகக் கொள்ளவும், இனி நாம் இருவரும் பயமில்லாமல் பேசலாம். ஆனால் போனை வைக்கும்போது, "பால்கனியில புறாத் தொல்லை தாங்கல மாமா" என்றீர்கள். அது பேச்சுக்குச் சொன்னதா அல்லது குறிப்பா என்று உடனே தெரிவிக்கவும். உங்கள் அத்தை புதுக்கோட்டைக்குப் போன் போட்டு, காஜா மைதீனைக் கல்யாணப் பந்தியிலிருந்து எழுப்பிவிட்டாள்.